முதுமாணியும் முன்னாள் போராளியும்

போரிலிருந்து மீண்டவனை வணிகக் கல்லூரிக்கு அனுப்புதல் நூதனமான எண்ணமன்று. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944இல், ஐக்கிய அமெரிக்கா தன் படைவீரரின் உயர்கல்விச் செலவை ஏற்கும் சட்டத்தை இயற்றிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனாற் கல்லூரி புகுந்தனர். இந்தியாவில் ஓய்வுபெறும் படை அதிகாரிகளுக்கென உயர் முகாமைத்துவ நிறுவனங்கள் தனிக் கற்கைநெறிகளை நடத்துகின்றன. இலங்கையிலும் சீருடை அணிந்த அதிகாரிக்குக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் உண்டு. படையை நடத்தியவன் நிறுவனத்தையும் நடத்த வல்லவன் என்பதே இவற்றின் எடுகோள்.

அவ்வெடுகோள் மன்னார்க் கரையை அடைந்ததும் மாண்டுபோவது ஏன்?

2009 மே மாதத்தின் பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களூடாகச் சமூகத்துக்குத் திரும்பினர். ஆணாயின் தச்சு, மேசன் வேலை. பெண்ணாயின் தையல் இயந்திரம். அதன்மேற் சிறிய சுயதொழிற் கடன். தச்சுத் தொழில் இழிந்ததென்பதன்று வாதம். 1953இற் சென்னை மாநிலத்திற் கொண்டுவரப்பட்ட குலக்கல்வித் திட்டத்தை வெகுண்டெழுந்து எதிர்த்த இனம், இந்தப் புதிய குலக்கல்வியைக் கண்டு வாளாவிருப்பதே வியப்பு.

2008 யூலை வரை கடற்புலிகளின் தளமாயிருந்த விடத்தல்தீவை எண்ணுக. எரிபொருட் கணக்கு, களஞ்சியம், இயந்திரப் பழுது, ஆட்பங்கீடு, காற்றின் போக்கு ஆகிய அனைத்தையும் இளைஞர் சிலர் நாள்தோறும் நிர்வகித்தனர். இதனையே வகுப்பறை 'வழங்கற் சங்கிலி முகாமைத்துவம்' எனப் பெயரிட்டுப் போதிக்கின்றது. அப்போரின் சரிபிழை வேறு விவாதம். அவர்களுட் பலர் பள்ளிப் பருவத்திலேயே பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. படிப்பை இழந்தது அவர்தம் விருப்பத்தாலன்று. அவ்விழப்பையே காட்டிக் கதவடைப்பது எவ்வகை நீதி?

"உயர்தரச் சான்றிதழின்றி முதுமாணிக் கனவா?" எனக் கற்றோர் நகைப்பர். திறந்த பல்கலைக்கழகம் உயர்தரம் இல்லாதோரையும் அடிப்படைக் கற்கைநெறி வழியே பட்டப்படிப்புக்கு ஏற்கின்றது. தேசிய தொழிற்றகைமை ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. ஆகவே, ஏணி உண்டு. ஏணியின் மேற்படிகள் ஆங்கிலத்தாற் செய்யப்பட்டவை. கீழ்ப்படியிற் புலனாய்வாளரின் விசாரணை குந்தியிருக்கின்றது. தராதரம் பேசுவோர் இவ்விரண்டையும் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை.

கரையோரமோ முகாமையாளருக்கு ஏங்கி நிற்கின்றது. பேசாலையிலும் வங்காலையிலும் பிடிபடும் நண்டும் கடலட்டையும் அயல்நாட்டு மேசைகளைச் சென்றடைகின்றன; விலையை நிர்ணயிப்பவன் கரையில் இல்லை. முன்னாள் போராளி சம்மாட்டியின் படகிற் கூலியாக ஏறுகின்றான். 2020இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்தன. அவற்றைப் போன்ற நிறுவனமொன்றின் வாயிலிற் காவலாளி தேவையெனின் அவனை நினைப்பர். உள்ளே கணக்கைப் பார்ப்பவனாக அவனைக் கற்பனை செய்தலும் அரிது. இது வறுமையன்று, வகுப்புப் பார்வை.

2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகக் கற்கைகள் பீடம் இயங்குகின்றது. மன்னார் நகரிலே தமிழ் மொழிமூல முகாமைத்துவ முன்னிலைக் கற்கைநெறி ஒன்றை அப்பீடம் தொடங்கட்டும். ஆங்கிலத்தை அதனுள்ளேயே கற்பிக்கட்டும். அனுபவத்தைத் தகைமையாகக் கணிக்கட்டும். முதலாண்டில் இருபதுபேர் போதும். வார இறுதியில் விரிவுரையாளர் பஸ்ஸேறி வந்துபோதல் இயலாத காரியமன்று.