எந்திரக் காலும் ஏழையின் காலும்

மூளையின் குருதிக் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. நேற்றுவரை ஏர் பின்னே நடந்த கால், இன்று கட்டிலிலே கட்டையெனக் கிடக்கிறது. பக்கவாதம்! 'தலைவிதி' என்றனர் பழமை பேசுவோர். விஞ்ஞானமோ விதியை விசாரிக்கவில்லை. விழுந்தவனை எழுப்பும் வழியைத் தேடிற்று!

ஜப்பானில் சுக்குபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய், 'ஹால்' எனும் எந்திர உடையை உருவாக்கினார். நடக்க எண்ணும்போது மூளை விடுக்கும் ஆணை, தோலின்மீது மெல்லிய மின்குறியாகத் தோன்றும். அதனை உணர்ந்து மோட்டார் காலை நகர்த்துகிறது. எண்ணம் நோயாளியுடையது, வலிமை எந்திரத்துடையது!

அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வின் வழிவந்த 'ரீஸ்டோர்', துணியாலான உடை. இடுப்பிலே மோட்டார், காலணிவரை கம்பிவடம். தொங்கும் பாதத்தைத் தூக்கும். தரையை உந்தத் துணைபுரியும். பக்கவாத நோயாளருக்குப் பயிற்சியளிக்க இதற்கு 2019இல் அந்நாட்டு அரசு இசைவளித்தது.

பயன் உண்டோ எனில், உண்டு. நிலையாக நிறுத்திய நடைப்பயிற்சி எந்திரங்களையும் அணியும் எந்திரங்களையும் பற்றிய 62 ஆய்வுகளை, 2,440 நோயாளரின் நிலையை, காக்ரேன் அமைப்பு 2020இல் சீர்தூக்கிப் பார்த்தது. இயன்முறைப் பயிற்சியோடு எந்திரப் பயிற்சியும் சேர்ந்தால், பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. யாருக்கு மிகுதியாக? நோய் தாக்கி முதல் 3 மாதங்களில் இருப்போர்க்கு. அறவே நடக்க இயலாதோர்க்கு!

மூன்றே மாதம்! வசதி படைத்தவன் உடனே வருவான். வறியவனோ, காணியை விற்று, கடன் வாங்கி, காசைத் திரட்டி வருவதற்குள் காலம் கடந்துவிடும். காசு கனிந்து வரும்வரை கால் காத்திருக்குமா?

'கருவூலம் தாங்குமோ?' என்பர் சிலர். ஆளுக்கொன்று கேட்கவில்லை, மருத்துவமனைக்கொன்று கேட்கிறோம். ஒருவர் கழற்றியதை மற்றொருவர் அணியலாமே! 'எந்திரம் வந்தால் இயன்முறை மருத்துவர் எதற்கு?' என்பர் வேறு சிலர். தடுமாறும் உடலைத் தாங்கவும், சமநிலை கற்பிக்கவும், அஞ்சும் நெஞ்சைத் தேற்றவும் மனிதக் கரம் வேண்டும். எந்திரம் அக்கரத்திற்குத் துணை, மாற்றன்று.

வழியும் புதிதன்று. ஜெர்மனியின் போகும் நகரில், தண்டுவடம் சிதைந்த தொழிலாளரின் 'ஹால்' பயிற்சிச் செலவைத் தொழில் விபத்துக் காப்பீடு ஏற்றது. ஜப்பான், 2016இல் 8 வகை நரம்பு, தசை நோய்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் அதற்கு இடமளித்தது. அந்தப் பட்டியலில் பக்கவாதம் இல்லை! கதவு திறந்தது, பாதி திறந்தது. முழுதும் திறப்பதே அரசுகளின் கடன்.

இயற்கை எல்லோர்க்கும் கால் தந்தது, கட்டணம் கேட்டன்று. இழந்த நடையை மீட்கும் கருவிக்கு மட்டும் கட்டணக் கதவு ஏன்? பொது மருத்துவமனையில், முதல் 3 மாதத்திற்குள், கட்டணமின்றிக் கிட்டட்டும் எந்திரக் கால்! அன்றே அது விஞ்ஞானத்தின் வெற்றி. அதுவரை வியாபாரத்தின் வெற்றியே!