வேல்சு மொழி அலைவரிசை வீண்செலவா?

ஒரு மொழி வாழ்கின்றதா மாய்கின்றதா என்பதை விழாமேடையில் வைத்து அளத்தல் கூடாது. விழாவன்று மாலை சூட்டி மறுநாளே மறந்துவிடுவார் எல்லா நாட்டிலும் உளர். விடியலில் குழந்தைக்குப் பாட்டுச் சொல்வது எம்மொழி? வேளாண் குடிக்கு வானிலை கூறுவது எம்மொழி? இரவில் களைத்து அமர்ந்தவனுக்குக் கதை சொல்வது எம்மொழி? இவ்வாறு ஒருநாள் முழுதும் பின்தொடர்ந்து பார்த்தே ஒரு மொழியின் உயிர்ப்பை அளத்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் வேல்சு நாட்டுக்குரிய தொலைக்காட்சி எசு-4-சி என்பது. 'வேல்சின் நான்காம் அலைவரிசை' என்பது அப்பெயரின் பொருள். அதன் ஒருநாள் நிரலை நோக்குக. காலையில் 'குஞ்சு' என்னும் பெயரால் மழலையர்க்கான பாட்டும் கதையும் வருகின்றன. பிற்பகலில் சமையல், உடல்நலம், இல்லறம் பற்றிய உரையாடல். மாலையில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள். முன்னிரவில் ஊர்நடப்பும் செய்தியும் வானிலையும். அதன்பின், வாரத்திற் சில நாள்களில், 'பள்ளத்தாக்கு மக்கள்' என்னும் தொடர்நாடகம். 1974-இல் பி.பி.சி. தொடங்கிய அந்நாடகம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. வாரக்கடையில் இரக்பி ஆட்டமும் கால்பந்தும் அம்மொழி வருணனையுடன் வருகின்றன. ஞாயிறன்று திருக்கோயிற் பாடல்கள் ஒலிக்கின்றன. இவற்றுள் வியப்புக்குரியது யாதொன்றும் இல்லை. வியப்பில்லாமையே இதன் சிறப்பு. தன் மொழியில் அன்றாட வாழ்வு நடத்தல் ஒரு மக்களுக்கு வியப்பாக இருத்தல் ஆகுமோ?

ஆயினும் இவ்வெளிய நாளைப் பொறாதார் பலர். அவர்தம் கூற்றுகள் மூன்று. பார்ப்பார் சிலரே என்பது ஒன்று. அம்மொழி அறியாதார் பணத்தை அதற்குச் செலவிடல் முறையன்று என்பது மற்றொன்று. அலைவரிசை வந்தும் மொழி வளரவில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஆய்தல் வேண்டும். அதற்குமுன், இவ்வலைவரிசை வந்த வரலாற்றை அறிதல் நன்று.

1962 பிப்பிரவரியில் சாண்டர்சு லூயிசு என்னும் நாடக ஆசிரியர் வானொலியில் மொழியின் எதிர்காலம் குறித்து உரையாற்றினார். கிளர்ச்சி இன்றேல் மொழி மாயும் என எச்சரித்தார். அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் தோன்றிற்று. 1965-இல் இலிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காகக் காப்பெல் கெலின் என்னும் வேல்சு மொழிச் சிற்றூர் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. ஊரை இழந்த மக்கள், வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சியால் நாவையும் இழந்துகொண்டிருந்தனர்.

தனி அலைவரிசை வேண்டுமென்ற கோரிக்கை எழுபதுகளில் வலுத்தது. 1979 தேர்தலின்போது இரு பெருங்கட்சிகளும் வாக்களித்தன. தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்த சில திங்களிலேயே உள்துறை அமைச்சர் வைட்லா அவ்வாக்கைக் கைவிட்டார். அதே அக்தோபரில் பென்காரெக் ஒளிபரப்பு நிலையத்துள் மூவர் புகுந்து கருவியை நிறுத்தினர். அவர் கயவர் அல்லர், கற்றறிந்த சான்றோர். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்துப் பலர் வழக்குமன்றம் ஏறினர். 1980 மே திங்களில், வேல்சுக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக 1966-இல் வென்றவராகிய குவின்வோர் எவன்சு, அக்தோபர் 6 முதல் உயிர் போகும்வரை உண்ணாதிருப்பேன் என்று அறிவித்தார். அப்போது அவர்க்கு அகவை 67. நோன்பு தொடங்குமுன்னரே, செப்தம்பர் 17 அன்று அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1 அன்று அலைவரிசை தொடங்கிற்று. எவரும் இரங்கி இட்ட பிச்சையன்று அது. உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற உரிமை.

இனி முதற் கூற்றுக்கு வருவோம். 2010-இல் சில நிகழ்ச்சிகளைப் பார்த்தவர் எண்ணிக்கை சுழியம் என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. அவ்வெண் எங்ஙனம் பெறப்படுகின்றது? மாதிரிக்கெனத் தேர்ந்த சில வீடுகளில் அளவியை வைத்து, அதனின்று நாட்டுக்கே கணக்கிடுவர். சிறு மொழியினர் அம்மாதிரியுள் மிகச் சிலராகவே அகப்படுவர். அன்றியும் நான்கு அகவைக்குட்பட்ட குழந்தைகளை அக்கணக்குச் சேர்ப்பதே இல்லை. மழலையர்க்கென ஆக்கிய நிகழ்ச்சியை மழலையரை நீக்கி எண்ணிவிட்டு, ஆளில்லை என்பது என்ன அறிவு? பந்திக்கு வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு இலை வெறுமையாயிற்று என்று சிரிப்பதை ஒக்கும் இது.

இரண்டாம் கூற்றோ நன்றி மறந்தது. வேல்சு மொழியாரும் உரிமக் கட்டணத்தை மற்றவர்போல் முழுமையாகவே செலுத்துகின்றனர். அவர்தம் பணத்தால் ஆங்கில அலைவரிசைகள் ஆண்டாண்டாக நடந்தபோது எவரும் முறை பேசவில்லை. 1982-க்குமுன், ஆங்கில நிகழ்ச்சிகளுக்கிடையே வேல்சு நிகழ்ச்சிகள் குறுக்கிடுகின்றன என்று குறைகூறி, வானலை வாங்கியை இங்கிலாந்துப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டோர் வேல்சிலேயே பலர். தனி அலைவரிசை வந்தமை அவர்க்கும் நன்மையே ஆயிற்று. அதனை அவர் மறந்தனர்.

மூன்றாம் கூற்று எண்களைக் காட்டி மயக்குவது. 1961-இல் வேல்சு மக்களுள் 26 விழுக்காட்டினர் அம்மொழி பேசினர், 1981-இல் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர், 2021-இல் 17.8 விழுக்காட்டினர். வீழ்ச்சி உண்மையே. ஆனால் அலைவரிசைக்கு முந்திய 20 ஆண்டில் 7 விழுக்காடு சரிந்தது. பிந்திய 40 ஆண்டில் ஏறத்தாழ 1 விழுக்காடே சரிந்தது. இவ்வேறுபாடு தொலைக்காட்சி ஒன்றால் மட்டும் வந்ததென்பது மிகை. வேல்சு மொழிவழிப் பள்ளிகளும், 1993-ஆம் ஆண்டு மொழிச் சட்டமும் உடன் உழைத்தன. எனினும் அணையின் ஒரு கல்லைக் காட்டி, வெள்ளம் வடியவில்லை, இக்கல்லைப் பெயர்த்துவிடுக என்பார் மொழிக்கு உறவினர் அல்லர்.

பகைவர் வாயினும் பையின் சுருக்கு வலிது. 2010-இல் இவ்வலைவரிசைக்கு அரசு தந்த தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு. அவ்வாண்டே அதனைக் குறைக்கவும், பெரும்பகுதியைப் பி.பி.சி. உரிமக் கட்டணத்தின்மேல் ஏற்றவும் இலண்டன் முடிவு செய்தது. 2022 முதல் அரசின் நேர்கொடை நின்று, பொதுநிதி முழுதும் உரிமக் கட்டணத்தினின்றே வருகின்றது, 2022-இல் அது ஆண்டுக்கு 8.88 கோடி பவுண்டாக இருந்தது. இடையில் விலைவாசி ஏறியதை எண்ணின் இழப்பின் அளவு விளங்கும். உரிமக் கட்டணமே நிலைக்குமா என வழக்காடும் காலம் இது. சட்டத்தால் மூட அஞ்சிய வாயிலைக் கணக்கேட்டால் மூடிவிடல் எளிது.

உள்ளிருந்து அரிக்கும் கேடும் ஒன்றுண்டு. புதியோரை ஈர்த்தல் என்னும் பெயரால், அண்மை ஆண்டுகளில் நிகழ்ச்சிகளுள் ஆங்கிலக் கலப்பு மிகுகின்றதென வேல்சு மொழி அன்பரே குறைகூறினர். அக்குறை புறந்தள்ளத் தக்கதன்று. ஆங்கிலம் கேட்க விரும்புவார்க்கு நூறு அலைவரிசைகள் உள. வேல்சு மொழி மட்டுமே கேட்க விரும்புவார்க்கு உள்ளது இஃதொன்றே. கல்லாதார்க்கு உதவ, அடியில் எழுத்துவரி இடலாம். அதனை இவ்வலைவரிசை செய்தே வருகின்றது. 2013-இல் வந்த 'அந்திக்கருக்கல்' என்னும் துப்பறியும் தொடரில் காட்சிகளை வேல்சு மொழியில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையுமாக இருமுறை நடித்துப் பதிந்தனர். இரண்டையும் கலந்து ஒன்றாக்காமல் இரண்டாகவே காத்த அம்முறை அறிவுடைமை. உழைப்பால் தீர்வதைக் கலப்பால் தீர்க்க முயல்வது சோம்பல். அச்சோம்பலின் விலையை மொழியே செலுத்தும்.

2050-க்குள் பத்து இலக்கம் பேர் வேல்சு மொழி பேசுதல் வேண்டும் என்று அந்நாட்டரசு 2017-இல் குறிக்கோள் வகுத்தது. பள்ளியில் கற்ற மொழி வீட்டில் ஒலியாதாயின் அக்குறிக்கோள் தாளிலேயே உறங்கும். காலையில் 'குஞ்சு' பார்த்த குழந்தை, மாலையிலும் இரவிலும் அதே மொழியைக் கேட்டு வளர்ந்து, தன் மக்களுக்கும் அதனையே ஊட்டுதல் வேண்டும். ஒருவர் உயிரைத் தர முன்வந்து பெற்ற நாள் அது. அதன் ஒரு நாழிகையைக்கூடச் சிக்கனத்தின் பெயராலோ கவர்ச்சியின் பெயராலோ விட்டுக்கொடுத்தல் வேல்சு மக்களுக்குத் தகாது.