இயங்குதளம்: விலை மலிவா, நம்பகமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழுதின்றி இயங்கும் ஏராளமான கணினிகள், விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக ஓரங்கட்டப்படுகின்றன. பாதுகாப்பு நீடிக்க வேண்டுமானால் நிறுவனங்கள் முதல் ஆண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர் செலுத்த வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அத்தொகை இரட்டிப்பாகும்.

இந்நிலையில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைப் பரிந்துரைத்தால், “இலவசமாகக் கிடைப்பதை எப்படி நம்புவது?” என்ற கேள்வி எழுகிறது. விலை கொடுத்தால் நம்பகம் கிடைக்கும் என்பதே இதன் உட்பொருள். அனுபவம் அதை உறுதிசெய்யவில்லை.

2017 மே மாதம் வான்னாக்ரை தாக்குதல் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரேயொரு பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அந்தப் பிழை விண்டோஸினுடையது அல்ல. ஆனால் உலகமே ஒரே கூரையின்கீழ் குவிந்திருந்தால் ஒரு தூண் சரிவதே போதும் என்பதை அது காட்டியது.

நம்பகத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததைத் தொடர்ந்து, ரஷ்ய நிறுவனம் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜியின் சேவைகளை மைக்ரோசாஃப்ட் துண்டித்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின்கீழ் இயங்கும் எண்ணெய் நிறுவனம் அது, கட்டணமும் செலுத்தியிருந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகே சேவை மீண்டது. அந்நிய அரசுகளின் முடிவுக்குக் கட்டுப்பட்ட ஒரு நிறுவனத்தின் கையில் சாவி இருக்கும்வரை, எவ்வளவு விலை கொடுத்தாலும் அது நம்பகம் ஆகாது.

மாற்று வழிக்குச் சான்று கேரளம். அங்கு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளே கணினிக் கல்வியின் அடித்தளம். உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தானே வடிவமைத்தது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் அதை நிறுவியதால் சுமார் 3,000 கோடி ரூபாய் உரிமக் கட்டணம் மிச்சமானதாக 2019இல் அந்நிறுவனம் மதிப்பிட்டது. இந்தச் சேமிப்பைவிட முக்கியமானது, மென்பொருளைத் திறந்து பார்த்து, திருத்தி, தாய்மொழிக்கேற்ப மாற்றும் ஆற்றல் ஆசிரியர்களிடம் வளர்ந்ததுதான்.

கட்டற்றது என்பதாலேயே எதுவும் தானாக நம்பகமாகிவிடுவதில்லை. ஊதியமின்றிச் சோர்ந்திருந்த ஒரு பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் கருவிக்குள் யாரோ ரகசிய வாயில் அமைத்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. மூலநிரல் திறந்திருந்ததால் வெளியாள் ஒருவரால் அதை ஆராய்ந்து அம்பலப்படுத்த முடிந்தது. எனினும் எச்சரிக்கை தெளிவானது. நம்பகம் என்பது உழைப்பின் விளைவு. அவ்வுழைப்புக்கு யாரேனும் ஊதியம் தந்தாக வேண்டும்.

எனவே மிச்சமாகும் உரிமத் தொகை பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பொதுத்துறை வல்லுநர்களுக்கும் செலவிடப்பட வேண்டும். திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை ஒன்றிய அரசு 2015இலேயே அறிவித்தது. அதைக் காகிதத்திலிருந்து அலுவலக மேசைக்குக் கொண்டுவருமாறு நிர்ப்பந்திப்பது, தொழிற்சங்கங்களும் ஜனநாயக இயக்கங்களும் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கையாகும்.