ரிஸ்க் இருக்கு, சரி... அப்புறம்?

ஒரு சம்பவம் சொல்றேன். இதுல யார் செஞ்சது ஆபத்துன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ப்ளஸ் டூ வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்து படிச்சவள் இன்னைக்கு ஒரு திருநங்கை. நைட் ஷிஃப்ட் வேலை. ஹார்மோன் எடுக்கணும்னு முறைப்படி ஒரு கிளினிக்குக்குப் போனாள். அப்பாவுக்குக் காலில் ரத்தம் உறைந்ததையும், தான் சிகரெட் பிடிப்பதையும் மறைக்காமல் சொன்னாள். ரெண்டே நிமிஷம். "உனக்கெல்லாம் ஹார்மோன் செட் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் நேராகப் போனது தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு. கருத்தடை மாத்திரை ரெண்டு அட்டை. சீட்டு கேட்கலை, கேள்வியும் கேட்கலை. ஒரு நாளைக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று போட ஆரம்பித்தாள். கூட இருக்கும் அக்காக்கள் அப்படித்தான் போட்டார்களாம்.

அந்த டாக்டர் ஒரு ரிஸ்க்கைத் தவிர்த்ததாக நினைத்திருப்பார். உண்மையில் அவளை அதைவிடப் பெரிய ரிஸ்க்கில் தள்ளிவிட்டார்.

ஏன்னு சொல்றேன். சாதாரண கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால். கல்லீரல் அதை லேசில் உடைக்க முடியாதபடி செயற்கையாக மாற்றிச் செய்த எஸ்ட்ரோஜன். அதனாலேயே கல்லீரலைப் பிடித்து உலுக்கி, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். மூணு மடங்கு போட்டால், கூடவே சிகரெட்டும் இருந்தால், கேட்கவே வேண்டாம். திருநங்கைகளுக்கு இந்த மருந்தைத் தரவே கூடாது என்று 2022-ல் வந்த டபிள்யூபாத் வழிகாட்டி எட்டாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்களுக்கும் எஸ்ட்ரோஜன் தருவதாக இருந்தால், தோல் வழியாகக் கொடுங்கள். அதாவது பேட்ச் அல்லது ஜெல். நம் உடம்பே சுரக்கும் அதே எஸ்ட்ராடியால்தான், ஆனால் வயிறு, கல்லீரல் என்று சுற்றாமல் நேராக ரத்தத்தில் கலக்கிறது. பைபாஸ் ரோடு மாதிரி. டவுனுக்குள்ளே நுழையாததால் அங்கே டிராஃபிக் ஜாம் ஆவதும் குறையுது.

டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்திலும் இப்படித்தான். ஸ்பைரோனோலாக்டோன் என்பது அடிப்படையில் பிரஷர் மாத்திரை. பிரஷர் இருக்கிற ஒருத்திக்கு அது உதவியாகக்கூட இருக்கலாம். ஆனால் கிட்னி பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே தடுமாற வைக்கும். சைப்ரோடெரோனை அதிக அளவில் பல வருஷம் எடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "தரலாமா, கூடாதா" இல்லை. "இந்த உடம்புக்கு எது, எவ்வளவு, எந்த வழியில்?" என்பதுதான்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவனுக்கும் தெரியும், சென்சார் இல்லாத ஓப்பன் லூப் எப்படிப் போகும் என்று. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அதைப் பார்த்து டோஸை மாற்றுவது, இதுதான் குளோஸ்டு லூப். மெடிக்கல் ஷாப் அட்டையில் அந்த ஃபீட்பேக் கிடையாது. டாக்டர் கைவிட்டதும் அறுந்து போவது இதுதான்.

"உயிருக்கு ஆபத்துன்னா ஹார்மோனே வேண்டாமே, அழகு சமாச்சாரம்தானே" என்று என் ஹாஸ்டலிலேயே ஒருத்தன் கேட்டான். விரைகளை நீக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எடுத்துக்கோங்க. அவங்க உடம்பில் டெஸ்டோஸ்டிரோனும் பெரிசா இல்லை. ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்திட்டா எலும்பு அடர்த்தி குறைஞ்சுக்கிட்டே போகும். சின்ன வயசிலேயே பாட்டியின் எலும்பு. மனசு படும் பாட்டை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கலை.

டாக்டர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, படிக்கும்போது அவங்களுக்கு யாரும் இதைச் சரியாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2019-ம் வருஷத் திருநர் சட்டத்தின் 15-வது பிரிவு, ஹார்மோன் சிகிச்சை வசதி தருவதை அரசின் கடமை என்கிறது. மருத்துவப் பாடத்திட்டத்தை இதற்காக மறுபரிசீலனை செய்யவும் சொல்கிறது. 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. இங்கேயும் ஒருத்தி மெடிக்கல் ஷாப் கவுன்டரில் சிகிச்சை தேடுகிறாள் என்றால் எனக்குக் கோபம்தான் வருது. தெரியாதென்றால் "எனக்குத் தெரியாது, எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாரும்மா" என்று ஒரு வரி எழுதித் தரலாம். அதுக்கும் ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

அவளுக்கு அந்த வரியை எழுதித் தந்தது வேறொரு டாக்டர். இப்போ அரசு மருத்துவமனையில் காட்டுகிறாள். அட்டைகள் குப்பைக்குப் போயாச்சு, ஜெல் போடுகிறாள். போன வாரம் லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பொட்டாசியம் நார்மல். "சிகரெட்?" என்று கேட்டேன். ப்ளூ டிக் மட்டும் விழுந்தது.