1651 இல் கணக்கு முடிஞ்சுதா?

சமச்சீர் எண்டதும் எங்களுக்குக் கோலமும் வண்ணத்துப்பூச்சியும்தான் ஞாபகம் வரும். பளிங்குகளை ஆராய்பவர்களுக்கு அது அழகு சம்பந்தப்பட்டதல்ல, கணக்கு. ஒரு பளிங்கைச் சுழற்றினாலோ நகர்த்தினாலோ ஆடியில் திருப்பினாலோ, முன்பிருந்த மாதிரியே இருக்கிறதா? 1891 அளவில் ரஷ்யாவில் பெடரோவும் ஜெர்மனியில் ஷோன்ஃபிளீஸும் இந்தக் கணக்கைப் போட்டு, மொத்தம் 230 வகைதான் என்று காட்டினார்கள்.

ஆனால் அந்த 230 க்குக் காந்தம் தெரியாது. காந்தப் பொருளில் ஒவ்வொரு அணுவிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது சுற்றி ஓடும் மின்னோட்டம் மாதிரி. காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டால் அம்பு தலைகீழாகும். ஆக, 'தலைகீழாக்கு' என்ற புதுச் செய்கை ஒன்று தேவை. ஹீஷ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1930 அளவிலேயே அதைச் சேர்த்துப் பார்த்தார். அப்போது அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. சோவியத் ஒன்றியத்தில் ஷுப்னிகோவ் 1951 இல் கறுப்பு வெள்ளை நிறங்களை வைத்து அதையே புத்தகமாக்கினார். 1953 இல் சமோர்சாயெவ் எண்ணி முடித்தார்: 1651. பெயர் என்னவோ ஷுப்னிகோவுக்குத்தான் போனது. எண்ணியவருக்கு இது அநியாயம் எண்டுதான் நான் சொல்லுவன்.

இதற்கிடையில், 1949 இல் அமெரிக்காவில் ஷல், ஸ்மார்ட் இருவரும் குளிரவைத்த மங்கனீசு ஒட்சைட்டின்மேல் நியூத்திரன்களைச் செலுத்தியிருந்தார்கள். எதிரெதிர் அம்புகள் தெரிந்தன. காந்த அலகு, இரசாயன அலகைப்போல இரு மடங்கு நீளம். நிற விளையாட்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. 1959 இல் ட்சியாலோஷின்ஸ்கி, குரோமியம் ஒட்சைட்டில் மின்புலம் காந்தத்தை உண்டாக்கும் என்று சமச்சீரை மட்டும் வைத்தே சொன்னார். அடுத்த வருடமே அஸ்ட்ரோவ் அதை அளந்து காட்டினார்.

இந்த வெற்றிதான் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து. 1651 இல் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: சாலகத்தைச் சுழற்றினால் அம்பும் கூடவே சுழல வேண்டும். பல காந்தங்களில் இந்தப் பிணைப்பு பலவீனமானது. இரண்டையும் தனித்தனியாகச் சுழற்றலாம் என்று பிரிங்க்மனும் எலியட்டும் 1966 இல் எழுதினார்கள். லிட்வினும் ஒபெகோவ்ஸ்கியும் 1974 இல் அதை ஒழுங்குபடுத்தி, 'ஸ்பின் குலங்கள்' என்றார்கள். கனபேர் திரும்பிப் பார்க்கேல்லை. எதிரெதிர் அம்புகள் ஒன்றையொன்று கழித்துவிட்டால் இலத்திரன்களின் சக்தியும் பிரியாது என்பதே வழக்கமான பாடமாக இருந்தது.

பிரியும்! எதிரெதிர் அணுக்களை நகர்த்தலோ தலைகீழ்மாற்றமோ இணைக்காமல், சுழற்சி மட்டும் இணைத்தால் பிரியும். இதை ஸ்பின் குலங்களை வைத்து 2022 இல் ஷ்மெய்கல், சினோவா, யுங்விர்த் மூவரும் வகைப்படுத்தி, 'ஒல்டர்மக்னட்' என்று பெயர் வைத்தார்கள். "கணிதம் எப்பவும் முன்னுக்குப் போகும்" எண்டு சிலர் இதைப் பெருமையாகச் சொல்லலாம். எனக்கு அது சரியாகப் படேல்லை. கணிதம் ஐம்பது வருடமாக அங்கேயேதான் இருந்தது, கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

அவசரமும் கூடாதுதான். இந்தக் கதையின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட ருத்தேனியம் ஈரொட்சைட்டில் காந்த ஒழுங்கே இல்லைப்போல என்று பிறகு வந்த நியூத்திரன், மியூவோன் அளவீடுகள் சொல்கின்றன. மங்கனீசு தெலுரைட்டிலோ 2024 இல் அந்தப் பிரிவைப் பரிசோதனையிலேயே கண்டுவிட்டார்கள்.