மடியும் மூலபாஷையும்
பசுவின் மடியை வேதகால ஸம்ஸ்கிருதம் ‘ஊதர்’ என்றும், புராதன கிரேக்கமும் ‘ஊதர்’ என்றும் (நம் லிபியில் இரண்டும் ஒன்றாகவே நின்றாலும் உச்சரிப்பில் சற்றே வேறு), லத்தீன் ‘ஊபெர்’ என்றும், ஆங்கிலம் ‘அடர்’ என்றும், ஜெர்மன் ‘ஆய்ட்டர்’ என்றும் வழங்கக் கண்ட பண்டிதர்கள், இவற்றுக்கெல்லாம் தாயான சொல்லொன்று, எந்த ஏட்டிலும் கல்லிலும் பதிவாகாத மூல இந்தோ-ஐரோப்பிய பாஷையில் இருந்ததென அனுமானித்தார்கள். ஓசை ஒற்றுமை மட்டுமே ஆதாரமாயின் நானும் சந்தேகித்திருப்பேன். தற்செயலாக ஒலி ஒத்த சொற்கள் உலகில் ஏராளம். ஆனால் முதல் வேற்றுமையில் ரகர ஈறு பெற்ற இந்த வடசொல், ஆறாம் வேற்றுமையில் ‘ஊத்னஸ்’ என்று னகரத்துக்குத் தாவிவிடுகிறது. கிரேக்கத்திலும் அவ்விடத்தில் ரகரம் மறைந்து ‘ஊததொஸ்’ என்றாகிறது. இத்தகைய கோணல்களைப் பாஷைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்குவது அபூர்வம்; அவை பிதிரார்ஜிதமாகவே வருவன என்பதால், சீரான வடிவங்களைவிட விகாரங்களே உறவுக்கு உறுதியான சாட்சி என்று பிரெஞ்சு அறிஞர் அந்த்வான் மெய்யே வற்புறுத்தியது முற்றிலும் நியாயம். 1915-இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி புராதன ஹிட்டைட்டு மொழியின் மர்மத்தை விடுவித்தபோது, அங்கே தண்ணீருக்குரிய ‘வாதர்’ என்ற சொல்லும் ஆறாம் வேற்றுமையில் ‘வெதெனஸ்’ என்று அதே னகரத்தை ஏற்று நின்றது.