ரிவெர்ப் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல மெத்தையை நிமிர்த்துங்க!

கீழ்க்கட்டளையில் ஒரு 2 பிஎச்கே. ஒரு அறையில் கட்டில், பீரோ. இன்னொன்றில் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக். பகலில் ஐடி வேலை, ராத்திரி கவர் பாட்டு. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே ஸ்டூடியோ வைத்து 'ரோஜா' (1992) தந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். அந்தக் கனவு இப்போது புறநகர் அபார்ட்மென்ட் வரை வந்துவிட்டது.

மைக் வந்தாச்சு. அடுத்த ஆசை, ரிவெர்ப் யூனிட். நல்ல பாக்ஸ் ஒன்று வாங்கினால் குரல் சினிமா பாட்டு மாதிரி ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் இஎம்ஐ போடத் தயாராகிறார்கள் பலர். அந்த இஎம்ஐ இப்போதைக்கு வேண்டாம்.

அறைக்கே ஒரு ரிவெர்ப் இருக்கு

சத்தம் சுவர், தரை, கூரையில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து மெல்ல அடங்குவதுதான் ரிவெர்ப். கோயில் மண்டபத்தில் அது அழகு. டைல்ஸ் தரையும் பெயின்ட் சுவரும் கொண்ட 10-க்கு 10 அறையில் தொல்லை. அறை காலியாக இருந்தால் சத்தம் அடங்க 2 விநாடிக்கு மேல்கூட ஆகலாம். அதையும் சேர்த்துத்தான் மைக் பதிவு செய்கிறது.

ரிவெர்பை பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். பதிவில் கலந்துவிட்டதை சுத்தமாக எடுக்க முடியாது. உப்பு கூடிப்போன சாம்பார் கதைதான். அதற்கு மேல் லட்ச ரூபாய் பாக்ஸ் போட்டாலும் குளியலறைக் குரல் குளியலறைக் குரலாகவே இருக்கும்.

மெத்தையில் பிறந்த அறிவியல்

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்த ஒரு விரிவுரை அறையில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே சுமார் 5.5 விநாடி! சரிசெய்யச் சொன்னது வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. இன்றும் அரங்குகள் கட்டப் பயன்படும் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

நம்ம வீட்டிலும் அதே வழிதான். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, துணி பீரோவின் கதவைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. முட்டை அட்டை ஒட்டுவது வீண்.

ஆனால் ஒன்று. மேடவாக்கம் மெயின் ரோடு ஹார்னையும், மெட்ரோ வேலையின் இரைச்சலையும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தையும் மெத்தை தடுக்காது. அதற்கு நள்ளிரவு டேக்தான் வழி.

அப்போ எந்த ரிவெர்ப்?

1957-ல் வந்த இஎம்டி 140 பிளேட் ரிவெர்பின் எடை சுமார் 270 கிலோ. இன்று அந்த ஓசையைப் போலச் செய்யும் சாஃப்ட்வேர் லேப்டாப்பிலேயே இருக்கு. ரீப்பரில் ரியாவெர்ப், லாஜிக் ப்ரோவில் குரோமாவெர்ப் கூடவே வருகின்றன. வல்ஹல்லா சூப்பர்மாசிவ் இலவசம். அதே நிறுவனத்தின் விண்டேஜ்வெர்ப் 50 டாலர்.

பாக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2 இன், 2 அவுட் இன்டர்ஃபேஸில் இரண்டு அவுட்டும் ஸ்பீக்கருக்கே போய்விடும். பாக்ஸுக்கு அனுப்பித் திரும்ப வாங்கப் பெரிய இன்டர்ஃபேஸ் தேவை. அதாவது இரண்டாவது இஎம்ஐ.

சாஃப்ட்வேரில் தனி சென்ட் போட்டு, ப்ரீ-டிலே 20 முதல் 40 மில்லி விநாடி வைத்து, ரிவெர்பின் அடிச்சுருதியை வெட்டினால் பாட்டின் சொற்கள் குழையாது.

யாருக்கு பாக்ஸ் வேண்டும்?

மேடையில் வாசிக்கும் கிடாரிஸ்ட்டுக்கு நியாயமான செலவு. பாடும்போதே ஹெட்ஃபோனில் ரிவெர்ப் கேட்டால்தான் சுருதி நிற்கும் என்பவர்களுக்கு, எஃபெக்ட் உள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ் அல்லது சின்ன மிக்சர் போதும்.

மற்றவர்கள் இன்றிரவு அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று திரும்பி வந்தால், காசு போக வேண்டியது பாக்ஸுக்கு அல்ல, சுவருக்கு.